பிரபலம் சொன்னார் என்று கோதுமையை நிறுத்துவதற்கு முன்

டென்னிஸ் வீரர் நோவக் ஜோகோவிச் 2010இல் குளூட்டனை விட்டார், 2011இல் மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்களைத் தட்டிச் சென்றார். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் இருக்கும் புரதத்துக்குப் பெயர் குளூட்டன் என்பதே அவர் கதை பரவிய பிறகுதான் பலருக்குத் தெரிய வந்தது. அந்த அளவில் அது பெரிய நல்லது. ஆனால் பேட்டியைப் பார்த்துவிட்டு மறுநாளே சப்பாத்தியை நிறுத்திவிடுகிறார்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் வேலை, பேசுகிற பிரபலத்துக்கு உண்மையில் என்ன பிரச்சினை என்று பார்ப்பது. சீலியாக் என்றால் குளூட்டன் உள்ளே போனதும் நம் நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலைத் தாக்குகிறது, உணவிலுள்ள சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. கோதுமை அலர்ஜி வேறு: தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் என்று பெரும்பாலும் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே காட்டிவிடும். மூன்றாவது, குடலில் சேதம் எதுவும் இல்லாமலே கோதுமை சேராமல் போவது. மூன்றையும் ஒரே பெயரில் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

அமெரிக்க டிவி தொகுப்பாளர் எலிசபெத் ஹாசல்பெக் 2001இல் ஒளிபரப்பான ரியாலிட்டி போட்டிக்காக ஆஸ்திரேலியக் காட்டுப் பகுதியில் சோற்றைத் தின்று நாள்களை ஓட்டினார், அங்கே அவருடைய வயிற்றுத் தொல்லை அடங்கிப்போனது. ஊருக்குத் திரும்பியதும் பழைய தொல்லை தொடர்ந்தது. 2002இல் சீலியாக் என்று தெரிந்தது. நடிகை ஜெனிஃபர் எஸ்போசிட்டோ பல வருடம் டாக்டர் டாக்டராக அலைந்த பிறகு 2009இல்தான் அவருக்குச் சீலியாக் என்ற விடை கிடைத்தது. அப்புறம் நியூயார்க்கில் குளூட்டன் இல்லாத பேக்கரியே திறந்தார். இவர்கள் பேச்சால் பயன் உண்டு, ஏனென்றால் தீராத ரத்தசோகை, வளராத குழந்தை, அடிக்கடி வாய்ப்புண், முழங்கையிலும் முழங்காலிலும் அரிக்கும் கொப்புளம் என்று வயிற்றுக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தெரிகிற அறிகுறிகளோடு சுற்றுகிறவர்களுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. பாடகி மைலி சைரஸ் 2012இல் எல்லோரும் ஒரு வாரம் குளூட்டனை விட்டுப் பாருங்கள் என்று ட்விட்டரில் எழுதினார். அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜோகோவிச் விஷயத்துக்கு வருவோம். குரோஷியாவில் ஒரு டாக்டர் அவர் வயிற்றின் மேல் ரொட்டித் துண்டு ஒன்றை வைக்கச் சொல்லி, மறு கையை நீட்டவைத்து அழுத்திப் பார்த்தார். ரொட்டி வயிற்றில் இருக்கும்போது கை பலமிழந்தது என்று 2013இல் வந்த தன் நூலில் அவரே சொல்கிறார். பிறகு ரத்தமும் பார்த்தார்கள். உணவு மாற்றம் அவருக்கு ஒத்துக்கொண்டது என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் ரொட்டியை வைத்துக் கையை அழுத்தும் அந்தச் சோதனையை மருத்துவம் ஏற்பதில்லை. யாராவது உங்களுக்கு அப்படிச் செய்ய வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, நமக்கும் சீலியாக்கோ என்று சந்தேகம் வந்துவிட்டது. இப்போது செய்ய வேண்டியது கோதுமையைத் தொடர்ந்து சாப்பிடுவது. ஆமாம், தொடர்ந்து. ரத்தத்தில் தேடுவது குளூட்டனுக்கு எதிராக உடம்பு கிளம்பும்போது உண்டாகும் எதிர்ப்பொருள்களை. சாப்பாட்டை நிறுத்தினால் அவை குறைந்துபோகும், குடலும் ஆறத் தொடங்கும், நோய் இருந்தும் ரிசல்ட் நார்மல் என்று வரலாம். எங்கள் அக்கா மகளுக்கு நடந்தது இதுதான். ஒரு பேட்டியைப் பார்த்துவிட்டு கோதுமையை விட்டாள், வயிறு சரியானது, மாதக்கணக்கில் கழித்து டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை, மறுபடி தினமும் சப்பாத்தியும் பிரெட்டும் தின்று வலியோடு காத்திருந்து எடுத்தபோதுதான் பாசிட்டிவ் வந்தது. ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் குறைந்தது 6 வாரம், தினம் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு சாப்பிட்ட பிறகே டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பது பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல். உபாதை கடுமையாக இருந்தால் டாக்டரிடம் பேசிக்கொண்டு செய்யுங்கள். கோதுமை அலர்ஜி என்று சந்தேகம் இருந்தால் இதை நீங்களாகச் செய்யவே கூடாது.

கேட்க வேண்டிய டெஸ்ட் டிடிஜி ஐஜிஏ (tTG-IgA), அந்த எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை. ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு ஐஜிஏவே குறைவாக இருக்கும், அவர்களுக்கு முதல் டெஸ்ட் பொய் சொல்லும். பாசிட்டிவ் வந்தால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி செய்து குடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரைக்கும் கோதுமையை விடாதீர்கள். 2016இல் வெளியான இந்திய ஆய்வில், ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே 100 பேரில் 1.23, தெற்கே 0.10 என்று வந்திருக்கிறது. அதனால் நம் பக்கம் டாக்டருக்கு உடனே இது தோன்றாமல் போகலாம், நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

உறுதியானால் ஆயுள் முழுக்க விட வேண்டியதுதான், ஞாயிற்றுக்கிழமை சலுகையெல்லாம் கிடையாது. அரிசி, உளுந்து, கேழ்வரகு, கம்பு, தினை எல்லாம் நமக்குக் கைகொடுக்கும், ஆனால் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு அல்லது மைதா சேர்க்கிறார்கள். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் என்று அது போகாத இடமில்லை. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, லேபிளைப் படித்து வாங்குங்கள். அடுத்தது மாவு மில். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால் மெஷினில் தங்கிய மாவு உங்கள் கேழ்வரகோடுதான் வந்து விழும். வீட்டு மிக்ஸியில் அரைப்பது பத்திரம். ரவை, சேமியா கோதுமைதான். மால்ட் பானம், சோயா சாஸ் இரண்டையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஹோட்டலில் தோசை கேட்கும் முன், பரோட்டா போடுகிற அதே கல்லா என்று கேட்டுவிடுங்கள். பாக்கெட்டில் குளூட்டன் ஃப்ரீ என்று போட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது, இந்தியாவிலும் அதே கணக்கு. பெற்றோர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள், அவர்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

டெஸ்ட் எல்லாம் சுத்தமாக இருந்தால், நட்சத்திரம் சொன்னார் என்பதற்காக விலை கூடின குளூட்டன் ஃப்ரீ பிஸ்கட் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பலவற்றில் நார்ச்சத்து குறைவு, சர்க்கரை கொஞ்சமும் குறைவில்லை.

மே 16 சர்வதேச சீலியாக் தினம், அந்த மாதம் முழுக்கப் பிரபலங்களின் வீடியோக்கள் வரிசை கட்டும். பகிருங்கள், தாராளமாகப் பகிருங்கள், ஆனால் மேலே உங்கள் கையால் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: டெஸ்ட் எடுக்கும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள், டிடிஜி ஐஜிஏ என்று கேளுங்கள்.