ராத்திரி கரண்ட் மலிவா? வெந்நீர் ஹீட்டர் நேரம் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வெந்நீர் இல்லாமல் குளியலறைக்குள் கால் வைக்க முடியாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி டவுனிலும் பனி இறங்கும் காலைகளில் அதே கதைதான். அந்த மாதங்களில் கரண்ட் பில் ஏறும். கூடவே ஆளுக்கு ஒரு யோசனையும் கிளம்பும். அதில் அடிக்கடி காதில் விழுவது இது: "ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஹீட்டரைப் போட்டு விட்டுடு. அப்ப கரண்ட் ரேட் கம்மி."

இதை நம்பி எங்கள் வீட்டில் இரண்டு குளிர்காலம் ஓட்டினோம். எனக்குச் சொன்னவர் பர்மிங்காமில் இருக்கும் பெரியம்மா மகன். "தம்பி, நாங்க இங்க ராத்திரிலதான்டா தண்ணி சுட வைப்போம், பாதி விலைதான்" என்றார். அண்ணன் சொன்னதில் பொய் இல்லை, அவர் ஊருக்கு அது சரி. பிரிட்டனில் 1978 முதல் எகானமி 7 என்று ஒரு கட்டண முறை இருக்கிறது. இரவில் ஏழு மணி நேரத்துக்கு யூனிட் விலை குறைவு, பகலில் கொஞ்சம் கூடுதல். இரண்டையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர் வீட்டிலேயே இருக்கும். ஊர் தூங்கும் நேரத்தில் பெரிய மின் நிலையங்கள் தரும் மின்சாரத்துக்கு வாங்க ஆள் குறைவு. அதை விலை குறைத்து விற்றார்கள். மக்களும் இரவிலேயே பெரிய தொட்டியில் தண்ணீரைச் சுட வைத்து, அறையில் இருக்கும் ஹீட்டரின் கற்களையும் சூடேற்றி வைத்து, மறுநாள் பகலில் அந்தச் சூட்டைப் பயன்படுத்தினார்கள்.

நம் வீட்டு பில்லில் மணிக் கணக்கு கிடையாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு, அதாவது 1ஏ கட்டணத்துக்கு, இரண்டு மாதத்தில் மொத்தம் எத்தனை யூனிட் ஓடியது என்பது மட்டுமே கணக்கு. அதிகாலை மூன்று மணிக்கு ஓடிய யூனிட்டும் காலை ஏழு மணிக்கு ஓடிய யூனிட்டும் ஒரே விலைதான்.

அப்படியானால் "ராத்திரி ரேட் கம்மி" என்ற பேச்சு இங்கே எப்படி வந்தது? ஒரு பாதி வெளிநாட்டிலிருந்து வந்தது. மறுபாதி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். உயர் அழுத்த இணைப்பு வாங்கும் தொழிற்சாலைகளுக்கு நேரவாரிக் கட்டணம் நிஜமாகவே உண்டு. காலை, மாலை உச்ச நேரங்களில் 25 சதவீதம் கூடுதல், இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 5 சதவீதம் தள்ளுபடி. ஓசூரில் வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்ப்பவர். அங்கே கேட்ட கணக்கு வீட்டுக்கும் வந்துவிட்டது.

கிராமத்துப் பக்கம் இன்னொரு குழப்பம் இருக்கிறது. த்ரீ பேஸ் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட்டுப் பழகியவர்களுக்கு, அந்த நேரத்து மின்சாரமே தனி என்ற நினைப்பு. த்ரீ பேஸ் நேரம் என்பது மோட்டாருக்கு விநியோகம் கிடைக்கும் நேரம். அதற்கும் வீட்டு யூனிட் விலைக்கும் தொடர்பில்லை. மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்து வெந்நீர் போடுவதையும் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். விவசாய இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். அதைவிட, எர்த் ஒழுங்காக இல்லாத ஒரு ஒயரின் முனையில் ஈரக் கையோடு நிற்பது உயிருக்கு ஆபத்து.

சரி, ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடினால் என்ன நஷ்டம்? விலை ஒன்றுதானே என்று தோன்றும். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு ராத்திரி, காலி செய்த ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, ஹீட்டரை மட்டும் விட்டுப் பார்த்தேன். எங்களுடையது பழைய 25 லிட்டர், 2000 வாட். இரவு பத்து மணிக்கு மீட்டரில் 4127.3. பத்தே முக்காலுக்கு ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது, மீட்டரில் 4128.5. தண்ணீர் சூடாக 1.2 யூனிட். இது சரியான கணக்குதான்: 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1.16 யூனிட் வேண்டும். அப்புறம் யாரும் குழாயைத் திறக்கவில்லை. காலை ஆறு மணிக்குப் பார்த்தால் 4129.0. ஒரு சொம்புத் தண்ணீர்கூட எடுக்காமல் அரை யூனிட் போய்விட்டது. தொட்டி ஆறுகிறது, சூட்டைக் கவனித்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் மறுபடி மூட்டுகிறது, மறுபடி ஆறுகிறது. ராத்திரி முழுக்க இதே வேலை. கடையில் ஹீட்டர் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் சொல்வதும் இந்த இழப்பைத்தான். ஐந்து நட்சத்திரம் என்றால் சும்மா இருக்கும்போது குறைவாக ஆறும். தண்ணீரைச் சூடேற்ற எல்லா ஹீட்டருக்கும் கிட்டத்தட்ட அதே யூனிட்தான்.

அரை யூனிட் பெரிய விஷயமா? 60 ராத்திரிக்கு 30 யூனிட். இங்கேதான் நம் கட்டண அட்டவணையை உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஐநூறைத் தாண்டிவிட்டால் அட்டவணையே மாறுகிறது. 2.35 என்ற படி காணாமல் போய், 101இலிருந்து 400 வரை எல்லாமே 4.70 ஆகிறது. 500க்கு மேல் 600 வரை யூனிட்டுக்கு 8.40, அதற்கு மேல் 9.45 என்று ஏறிக்கொண்டே போகும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் விலை என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 500 யூனிட்டுக்கு பில் 1805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். சாதாரணமாக 490 வரும், பில் 1742 ரூபாய். ராத்திரி ஹீட்டர் அதை 520 ஆக்கியது, பில் 2208. யாருக்கும் பயன்படாத 30 யூனிட்டுக்கு 466 ரூபாய். மலிவு நேரம் என்று நினைத்துப் போட்டதில் ஒரு யூனிட் பதினைந்தரை ரூபாய்க்கு வந்து நின்றது.

ஆகவே இன்றைக்கு வீட்டில் பார்க்க வேண்டியது மொத்த எண்ணிக்கையைத்தான். ரீடிங் எடுத்த தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். நாற்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். 330க்குப் பக்கத்தில் இருந்தால் 500 என்ற கோட்டை நோக்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மீதி இருபது நாளில் வெந்நீரைக் கொஞ்சம் பார்த்துப் போட்டாலே உள்ளே நின்றுவிடலாம். ஹீட்டரைக் குளிப்பதற்கு முன்னால் போட்டால் போதும். 2000 வாட் ஹீட்டரில் 15 லிட்டருக்கு இருபது நிமிடம், 25 லிட்டருக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் நல்லது. ஒருவர் ஐந்தரைக்கு, ஒருவர் எட்டுக்கு என்றால் நடுவில் ஆறிய சூட்டை மறுபடி வாங்க வேண்டும்.

அறை ஹீட்டர் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் அது தேவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2000 வாட் ஹீட்டர் நிற்காமல் ஓடினால் மணிக்கு இரண்டு யூனிட். தினமும் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 360. அது ஒன்றே உங்கள் பில்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். ஏ.சி. வாங்கும் எண்ணம் இருந்தால் குளிர், சூடு இரண்டும் தரும் வகையைக் கேளுங்கள். அது வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே இழுப்பதால் அதே வெப்பத்துக்கு மூன்றில் ஒரு பங்கு அளவு யூனிட்தான் ஆகும். செலவுக்குப் பயந்து மூடிய அறையில் கரிச் சட்டி மட்டும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

டைமர் வாங்கி மாட்டுவதில் ஒரு தவறு நடக்கிறது. டைமர் நல்ல பொருள்தான். அதிகாலை ஐந்தேகாலுக்குத் தானாகப் போட்டு ஆறு மணிக்குத் தானாக அணைத்தால் மறதிக்கு இடமில்லை. ஆனால் 2000 வாட் ஹீட்டர் எட்டே முக்கால் ஆம்ப்ஸ் இழுக்கும். விளக்குக்கும் ஃபேனுக்கும் உள்ள 6 ஆம்ப்ஸ் டைமரை அதில் செருகினால் அது தாங்காது. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, இங்க ஏதோ ரப்பர் கருகுற மாதிரி வாடை வருது, வந்து பாரு" என்றார். பிளக்கைக் கழற்றினால் டைமரின் மூன்று துளைகளில் ஒன்றைச் சுற்றி மோதிரம் போலப் பழுப்பு வளையம், பிளாஸ்டிக் இளகிச் சாய்ந்திருந்தது. 16 ஆம்ப்ஸ் என்று போட்டிருக்கும் டைமர், 16 ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட், அதற்குத் தனி ஒயர், லோடு கூடினால் தானாக அணையும் தனி எம்.சி.பி. சுவிட்ச். இதில் சமரசமே வேண்டாம்.

காலையில் ஊரே ஹீட்டர் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். "லோ வோல்டேஜில் யூனிட் அதிகம் ஓடும்" என்று சொல்லி சிலர் நடுராத்திரிக்கு மாற்றுகிறார்கள். ஹீட்டருக்கு அது பொருந்தாது. 230 வோல்ட்டில் 2000 வாட் இழுப்பது 200 வோல்ட்டில் 1500 வாட்தான் இழுக்கும். தண்ணீர் காய நேரம் கூடும், யூனிட் கூடாது.

காசு மிச்சம் என்று தெர்மோஸ்டாட்டை 40இல் வைத்து நாள் முழுக்க விடுவதும் சரியில்லை. வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி நன்றாக வளரும், அது நுரையீரலைப் பாதிக்கும். 60க்குக் காய்ச்சி, பச்சைத் தண்ணீர் கலந்து குளியுங்கள். அதற்கு மேல் ஏற்றவும் வேண்டாம், நம் போர் தண்ணீர் அப்படி. ஒகேனக்கல் தண்ணீர் வரும் வீடுகளிலும் பலருக்குக் குளியல் போர் தண்ணீரில்தான். சூடு ஏற ஏற அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும், தண்ணீரைச் சூடேற்றும் 'காயில்' என்ற கம்பிச் சுருள் மேல் வெள்ளைப் பொருக்காகப் படியும். அதனால் யூனிட் பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் அந்தக் கம்பிச் சுருள் தன் சூட்டை விட முடியாமல் எரிந்துபோகும். வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து, தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

மாடியில் சோலார் ஹீட்டர் வைத்தவர்கள் செய்யும் தவறு எனக்கு மனம் பொறுக்காத ஒன்று. அதில் மேகமூட்ட நாளுக்கென்று ஒரு கரண்ட் காயில் இருக்கும். அந்த சுவிட்சை எப்போதும் போட்டே வைத்திருப்பார்கள். மாலையில் குளித்ததும் தொட்டிக்குள் பச்சைத் தண்ணீர் இறங்கும், காயில் மூட்டும். 100 லிட்டரையும் காய்ச்ச நாலரை யூனிட்டுக்கு மேல். விடியும்போது தொட்டி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருப்பதால், வெயிலுக்கு அங்கே வேலையே இல்லை. சுவிட்சை அணைத்தே வையுங்கள். காலையில் குழாயைத் திறந்து, குழாயில் தேங்கிய பச்சைத் தண்ணீர் போகும் வரை விட்டு, கையால் தொட்டுப் பாருங்கள். பனி மூட்டத்தில் நிஜமாகவே ஆறியிருந்தால் மட்டும் போடுங்கள்.

இனி வரப்போவதைப் பற்றி. 2023 ஜூனில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. அதன்படி ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்கும் நேரவாரிக் கட்டணம் உண்டு. ஆனால் மலிவு நேரம் ராத்திரி அல்ல. சூரிய மின்சாரம் பெருகும் பகலில் எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். எந்த மணி முதல் எந்த மணி வரை என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையம்தான் சொல்லும். ஆகவே "ராத்திரி ரேட் வரப்போகுது" என்று சொல்லி விற்கும் பெரிய தொட்டியை இப்போதே வாங்கிப் போடாதீர்கள்.

அந்த நாள் வந்தாலும், மதியம் மூன்று மணிக்குக் காய்ச்சி மறுநாள் காலை ஆறுக்குக் குளிப்பது எங்கள் பழைய ஹீட்டரில் கட்டாது. பதினைந்து மணி நேரத்தில் அது 0.9 யூனிட் ஆற்றிவிடும். 1.16ஓடு அதைச் சேர்த்து 20 சதவீதம் கழித்தால், சாதாரண நேரத்து விலையில் 1.65 யூனிட்டுக்குச் சமம். காலையில் உச்ச நேரத்திலேயே போட்டாலும், 10 சதவீதம் கூட்டி 1.28தான். அதே மூன்று மணித் தண்ணீரை மாலை ஆறு மணிக்கே குளித்துவிட்டால், ஆறுவது 0.2 யூனிட்தான் என்பதால், 1.09. மாலைக் குளியலுக்கு மாறும் வீட்டுக்கு அந்தத் தள்ளுபடி கையில் நிற்கும். காலைக் குளியலை விட முடியாதவர்களுக்கு, குளிப்பதற்கு அரை மணி முன்னால் சுவிட்சைத் தட்டுவதுதான் அப்போதும் மலிவு.