எடை குறைந்த ரிவால்வர் ஏன் சிக்குகிறது? ஐந்தாவது தோட்டாவை அளந்து பாருங்கள்

"ரிவால்வர் மக்கர் பண்ணாது" என்று அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கப் போகும் புதியவரிடம் பலரும் சொல்வார்கள். ஒரு கிலோ எடையுள்ள எஃகு ரிவால்வருக்கு அது பெரும்பாலும் சரி. பாக்கெட்டில் வைப்பதற்காகவே எடையைக் குறைத்த ஐந்து தோட்டா ரிவால்வர் வேறு ஜாதி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 சுமார் 410 கிராம். ஸ்காண்டியம் சேர்த்த அலுமினியச் சட்டமும் டைட்டானியம் சிலிண்டரும் (தோட்டாக்களை ஏந்திச் சுழலும் பகுதி) கொண்ட 340 பிடி சுமார் 335 கிராம்தான், ஆனால் அது .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

10 கிராம் குண்டு நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். ஒரு கிலோ துப்பாக்கி நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கும். 335 கிராம் துப்பாக்கி சுமார் 7.5 மீட்டரில். பேருந்து வெடுக்கென்று கிளம்பினால் நிற்பவர் பின்னால் சாய்கிறார் அல்லவா? துப்பாக்கி பின்னால் பாயும்போது, சுடப்படாத தோட்டாக்களின் கூட்டை (மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோகக் குப்பி) அதன் விளிம்பு வழியாகச் சிலிண்டர் இழுத்துச் செல்கிறது. கூட்டுக்குள் இருக்கும் குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் தளர்வாக இருந்தால், ஒவ்வொரு சூட்டுக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மூக்கு சிலிண்டரைத் தாண்டி நீண்டதும் சட்டத்தில் முட்டும். சிலிண்டர் சுற்றாது, ட்ரிக்கரும் அசையாது.

படி 1: காலி செய்யுங்கள்

சிலிண்டரைத் திறந்து ஐந்து அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்களை வேறு மேசையில் வையுங்கள்.

படி 2: எஜெக்டர் கம்பி

சுட்ட கூடுகளை வெளியே தள்ளுவதற்காகச் சிலிண்டரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை விரலால் திருகிப் பாருங்கள். அதிர்வில் அது கழன்று முன்னால் நீண்டால், பூட்டு விடுபடாமல் சிலிண்டர் திறக்கவே மறுக்கும். இன்றைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் இது இடதுமரை. கம்பியின் நுனிப் பக்கமிருந்து பார்த்தால், இடஞ்சுழியாகத் திருகினால்தான் இறுகும். வழக்கமான பழக்கத்தில் எதிர்ப்பக்கம் திருகிக் கழற்றிவிடுபவர்கள் நிறைய. இறுக்கும்போது அறைகளில் வெற்றுக் கூடுகளைப் போட்டுவைத்தால், கூடுகளின் விளிம்பைப் பிடித்துத் தள்ளும் நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டர் முறுக்கிக்கொள்ளாது. பக்கத்தட்டின் திருகுகளையும் அப்போதே பாருங்கள்.

படி 3: ஐந்தாவது தோட்டா

வெர்னியர் காலிப்பர், மார்க்கர் பேனா, தினமும் கையோடு வைத்திருக்கப்போகும் அதே வகைத் தோட்டா வேண்டும். பயிற்சிக்கு வாங்கிய மலிவுத் தோட்டாவில் இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை.

ஒரு தோட்டாவின் அடியில் மார்க்கரால் குறியிட்டு, மொத்த நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். .357 மேக்னத்தைவிட வலு குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு (642, 340 பிடி இரண்டிலும் போடலாம்) உச்ச வரம்பு 39.37 மி.மீ. ஐந்தையும் நிரப்பி, குறியிட்டது கடைசியில் வரும்படி வைத்து, சுடுதளத்தில் நான்கைச் சுடுங்கள். ஐந்தாவதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். மாறவில்லையா? அதே தோட்டாவோடு புதிதாக நான்கைப் போட்டு இன்னொரு முறை செய்யுங்கள். காலிப்பரை வைக்கும் விதத்தில் இம்மியளவு வேறுபடுவது சகஜம். நீளம் சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போனால் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. விலை எவ்வளவானாலும் சரி. சோதனைக்கு உட்பட்ட தோட்டாவைத் திரும்ப இடுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம்.

உறையில்லாத ஈயக் குண்டுக்குப் பிடிப்பு குறைவு. கனமான குண்டுக்கு நிலைமம் அதிகம். இரண்டும் எளிதில் நகரும். அப்படியானால் லேசான குண்டு போடலாமே என்றால், 340 பிடியின் குழலிலேயே 120 கிரெயினுக்கு (சுமார் 7.8 கிராம்) குறைந்த குண்டு கூடாது என்று பொறித்திருக்கிறார்கள். லேசான மேக்னம் குண்டின் பின்னால் வரும் நெருப்பு டைட்டானியத்தை அரிக்கும். என் கருத்தில், 340 பிடி வைத்திருப்பவரும் .38 ஸ்பெஷலையே போடுவது நல்லது. மேக்னத்தின் உதையில் பிடி நழுவி, ட்ரிக்கரை முழுதாக முன்னால் விடாமல் மறுபடி இழுப்பவர்கள் பலர். அதையும் துப்பாக்கியின் பழுதென்றே நினைத்துக்கொள்வார்கள்.

சிலிண்டர் சிக்கிக்கொண்டால் முன்னாலிருந்து குண்டைக் குச்சியால் குத்தித் தள்ளாதீர்கள், சுத்தியலும் வேண்டாம். குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு சுடுதளப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

படி 4: 'டிக்' என்று மட்டும் கேட்டால்

சுடுதளத்தில் 30 விநாடி குழலை இலக்குப் பக்கம் வைத்துக் காத்திருந்துவிட்டு, பிறகு திறந்து பிரைமரை (தோட்டாவின் அடியில், அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பாருங்கள். குழி ஆழமாக இருந்தால் தோட்டா மீது சந்தேகம். குழி மேலோட்டமாக இருந்தால், ட்ரிக்கர் மென்மையாக வேண்டுமென்று யாராவது மாற்றிய லேசான ஸ்பிரிங்தான் முதல் குற்றவாளி; தொழிற்சாலை ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்கள். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடினாலும் அடி குறையும். அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

படி 5: கூடு வெளியேற்றம்

குட்டைக் குழலில் எஜெக்டர் கம்பியும் குட்டை. 29 மி.மீ. கூட்டை அது முழுதாகத் தள்ளாது. குழலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, உள்ளங்கையால் ஒரே அடி. கிடைமட்டமாக வைத்து மெல்லத் தள்ளினால் ஒரு கூடு நட்சத்திரத்தின் கீழே நழுவி மாட்டிக்கொள்ளும். எரியாத மருந்துத் துகள் அங்கே படிந்தாலும் நட்சத்திரம் முழுதாக உட்காராது, சிலிண்டர் மூடாது அல்லது உரசும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

படி 6: துடைப்பது

டைட்டானியம் சிலிண்டரின் முன்முகத்தில் கருப்பு படியும். அது இருந்துவிட்டுப் போகட்டும். இரும்பு பிரஷ்ஷோ தேய்ப்புப் பசையோ பட்டால் மேற்பூச்சு போய், அரிப்பு வேகம் பிடிக்கும். சட்டத்தின் மேல்பட்டையில், குழலும் சிலிண்டரும் சந்திக்கும் இடத்துக்கு மேலே மெல்லிய எஃகுத் தகடு ஒன்று இருக்கும். அலுமினியத்தை நெருப்பிலிருந்து காப்பது அது, அழுக்கென்று நெம்பிவிடாதீர்கள்.

பாக்கெட்டில் வைப்பவர்கள் வாரம் ஒருமுறை காலி செய்து பஞ்சையும் தூசியையும் ஊதித் தள்ளுங்கள். அந்தப் பாக்கெட்டில் உறையோடு துப்பாக்கி மட்டும் இருக்கட்டும். சாவியோ சில்லறையோ வேண்டாம். எண்ணெய் ஒரு சொட்டு போதும். வழிந்து பிரைமருக்குள் போனால் மறுபடி படி 4-க்கு வர வேண்டியிருக்கும்.