கருக்கலைப்பும் சிங்கப்பூர்ச் சட்டமும்: எதை, எப்போது, யாரிடம் கேட்பது

கருக்கலைப்பு பற்றி வாட்ஸ்அப்பில் நம்மிடையே சுற்றும் தகவல்களில் மூன்று நாட்டுச் சட்டங்கள் கலந்து கிடக்கின்றன. "இருபது வாரம் தாண்டினால் இரண்டு டாக்டர் கையெழுத்து வேண்டும்" என்பது இந்தியச் சட்டம். "இப்போது தடை செய்துவிட்டார்கள்" என்பது 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு அங்குள்ள சில மாநிலங்களின் நிலை. இவை இரண்டுமே சிங்கப்பூரில் உள்ள பெண்ணுக்குப் பொருந்தாது. தவறான நாட்டுச் சட்டத்தை நம்பிப் பயந்து உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அவளுக்குத்தான் நஷ்டம்.

இங்கே நடப்பில் இருப்பது 1974ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம். 24 வாரம் முடியும் வரை, பெண் எழுத்து மூலம் சம்மதம் தந்தால், அனுமதி பெற்ற மருத்துவர் கருக்கலைப்பு செய்யலாம். காரணம் சொல்லி யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. பெற்றோரின் கையெழுத்தையும் கேட்கவில்லை. 24 வாரத்துக்குப் பிறகு, தாயின் உயிரைக் காக்கவோ அவளுடைய உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான, நிரந்தரமான பாதிப்பு வராமல் தடுக்கவோ உடனடியாகத் தேவைப்பட்டால் மட்டுமே செய்ய முடியும்.

வாரத்தைச் சரியாக எண்ணுங்கள்

பலரும் தடுமாறும் முதல் இடம் இது. சட்டம் வாரத்தை எண்ணுவது கரு தரித்த நாளிலிருந்து அல்ல, கடைசியாக இயல்பாக வந்த மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. இரண்டுக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் வித்தியாசம். மார்ச் 1ஆம் தேதி மாதவிடாய் தொடங்கியவருக்கு மார்ச் நடுவில் கரு தரித்தது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 5ஆம் தேதி அவர் தனக்கு மூன்று வாரம் என்று நினைப்பார். மருத்துவர் ஐந்து வாரம் என்று எழுதுவார். மருத்துவர் எழுதுவதே கணக்கு. அதே பெண்ணுக்கு ஜூன் 21இல் 16 வாரமும், ஆகஸ்ட் 16இல் 24 வாரமும் முடியும்.

மாதவிடாய் ஒழுங்கில்லாதவர், தாய்ப்பால் கொடுப்பவர், கருத்தடை ஊசி போட்டவர் ஆகியோருக்குத் தேதி நினைவிருந்தாலும் அதை நம்ப முடியாது. ஸ்கேன் எடுத்தால்தான் வாரம் தெரியும். கரு கருப்பைக்குள் இருக்கிறதா, கருக்குழாயில் தங்கிவிட்டதா என்பதையும் அதே ஸ்கேன்தான் காட்டும். குழாய்க் கர்ப்பம் உயிருக்கு ஆபத்து. அதற்கான சிகிச்சையே வேறு.

16 வாரம் என்ற எல்லையையும் மறக்க வேண்டாம். அதற்கு மேல், சட்டம் குறிப்பிடும் கூடுதல் தகுதியுள்ள மருத்துவர்தான் செய்யலாம். செய்யும் இடத்துக்கும் நிபந்தனை உண்டு. ஆகவே தேர்வு குறையும், செலவு கூடும், மருத்துவமனையில் தங்க வேண்டியும் வரலாம். 15ஆம் வாரத்தில் இருப்பவர் முன்பதிவுக்குப் போன் செய்யும்போது முதல் வரியிலேயே வாரத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

யாருக்குப் பொருந்தும்

சிங்கப்பூர்க் குடிமகள், குடிமகனின் மனைவி, வேலை அனுமதி வைத்திருப்பவர், அப்படி வைத்திருப்பவரின் மனைவி ஆகியோருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. மற்றவர்கள் சிகிச்சைக்கு முன் தொடர்ந்து நான்கு மாதமாவது இங்கு வசித்திருக்க வேண்டும். நிரந்தரவாசிகளும் மாணவர் அனுமதியில் இருப்பவர்களும் இந்த வகையில் வருவார்கள். சுற்றுலா விசாவில் போன வாரம் வந்திறங்கிய உறவினருக்கு, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, இங்கே செய்ய மாட்டார்கள்.

அடையாள அட்டை அல்லது பாஸ், கடப்பிதழ் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கணவரின் பாஸை வைத்துத் தகுதி பெறுபவர் அந்தப் பாஸின் நகலையும் திருமணச் சான்றிதழையும் எடுத்துச் செல்ல வேண்டும். சான்றிதழ் ஊரில் இருந்தால் அன்றைக்கே யாரையாவது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஆலோசனையும் 48 மணி நேரமும்

பலதுறை மருந்தகத்தில் கருக்கலைப்பு செய்வதில்லை. கர்ப்பத்தை உறுதி செய்து பரிந்துரைக் கடிதம் தருவார்கள். நேரடியாகத் தனியார் மகப்பேறு மருந்தகத்துக்கும் போகலாம். போனில் "டிஓபி கவுன்சலிங்குக்கு அப்பாயின்ட்மென்ட் வேண்டும், எனக்கு இத்தனை வாரம்" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். டிஓபி என்பது கருக்கலைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். முன்பதிவு செய்பவர் வேறு விளக்கம் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

ஆலோசனை எல்லாருக்கும் கட்டாயம். அது முடிந்து குறைந்தது 48 மணி நேரம் கழித்தே சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு ஆலோசனை என்றால் ஞாயிறு மாலை 4 மணிக்குத்தான் அவகாசம் முடியும். நடைமுறையில் அது திங்கட்கிழமை. ஆகவே திங்கள், செவ்வாயில் ஆலோசனைக்கு நேரம் கேளுங்கள், அதே வாரத்தில் முடிக்கலாம். இந்த 48 மணி நேரம் முடிவை மாற்றிக்கொள்ளவும்தான். சிகிச்சை அறைக்குள் போன பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம். முன்பணம் கட்டிவிட்டோமே என்பது காரணமாகவே இருக்கக்கூடாது.

தமிழில் ஆலோசனை வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்க வேண்டும். அங்கு போய்க் கேட்டால் கூட வந்தவரை மொழிபெயர்க்கச் சொல்லிவிடுவார்கள், அங்கேதான் தவறு நடக்கிறது. மருத்துவர் ஆங்கிலத்தில் "இது உங்கள் முடிவுதானா?" என்று கேட்கிறார், மாமியார் தமிழில் "சரின்னு சொல்லும்மா" என்கிறார், மருமகள் தலையாட்டுகிறாள், படிவத்தில் குறி விழுகிறது. கருவைக் கலைக்கச் சொல்லும் குடும்பத்திலும் இது நடக்கும், கலைக்கக் கூடாது என்னும் குடும்பத்திலும் நடக்கும். கணவரோ மாமியாரோ தோழியோ, கூட வந்தவர் யாராக இருந்தாலும், "டாக்டர், அவளிடம் தனியாகப் பேசுங்கள்" என்று தாமே சொல்லிவிட்டு வெளியே வந்து உட்காருவதுதான் அவர் செய்யக்கூடிய பெரிய உதவி.

மிரட்டியோ கட்டாயப்படுத்தியோ ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகக் கருக்கலைப்புக்கு உட்படுத்துவது குற்றம். 3,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இது முதலாளிக்கும் பொருந்தும். இதை ஏன் தனியே சொல்கிறோம் என்றால், வீட்டுப் பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவச் சோதனையில் கர்ப்பமும் பார்க்கப்படுகிறது. ஒர்க் பெர்மிட் நிபந்தனைகள் இங்கே கர்ப்பமாவதையே தடுக்கின்றன. "கலைத்துவிடு, இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவேன்" என்று கேட்கும் நிலையில் இருக்கும் பெண்ணுக்குச் சம்மதம் என்பது எவ்வளவு மெலிந்த சொல் என்று யோசித்துப் பாருங்கள். சட்டம் அவளுக்கு உரிமை தருகிறது, வேலை நிபந்தனை அதன் தரையை உருவிவிடுகிறது. இப்படிப்பட்டவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஹோம் போன்ற வெளிநாட்டு ஊழியர் ஆதரவு அமைப்பிடம் பேச வேண்டும். பெண்கள் யார் வேண்டுமானாலும் அவேர் என்ற பெண்கள் அமைப்பின் உதவி எண் 1800 777 5555ஐ அழைக்கலாம்.

16 வயது ஆகாத, திருமணமாகாத சிறுமிக்கு வழி வேறு. இதற்கென அரசு குறித்த ஆலோசனை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து சான்றிதழ் வந்த பிறகே மருத்துவர் மேற்கொண்டு செய்வார். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவருடன் உடலுறவு கொள்வது, சம்மதம் இருந்தாலும், குற்றம் என்பதால் போலீஸ் விசாரணையும் வரக்கூடும். அதற்குப் பயந்து வாரங்களைக் கடத்தினால் சிறுமியின் உடல்தான் விலை கொடுக்கும்.

ரகசியம் எங்கே கசிகிறது

பெண்ணின் சம்மதம் இல்லாமல் விவரத்தை வெளியிடும் மருத்துவருக்கோ ஊழியருக்கோ அபராதமும் சிறையும் உண்டு. மருந்தகத்திலிருந்து கசிவதைவிட வீட்டிலிருந்து கசிவதுதான் வழக்கம். அரசு மருத்துவமனை முன்பதிவு ஹெல்த்ஹப் என்ற மருத்துவப் பதிவுச் செயலியில் தெரியும். அதைத் திறக்கும் சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) கடவுச்சொல் வேறு யாரிடமாவது இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) பயன்படுத்த நினைத்தால் யார் கணக்கிலிருந்து, எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். அப்பா கணக்கிலிருந்து எடுத்தால் அப்பாவுக்குத் தெரியும். நிறுவனக் காப்புறுதியில் கோரினால் பில் நிறுவனத்தின் வழியாகப் போகலாம். எம்சியில் (மருத்துவ விடுப்புச் சான்றிதழில்) காரணம் எழுத வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்லலாம்.

சிகிச்சையும் அதற்குப் பிறகும்

ஆரம்ப வாரங்களில் மாத்திரையாலோ உறிஞ்சி எடுக்கும் சிறு அறுவையாலோ செய்வார்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று கேட்டே ஆக வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால், அல்லது 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, மாத்திரைக்கு அடங்காத வயிற்றுவலி இருந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டுக் கர்ப்பச் சோதனை சில வாரம் வரை பாசிட்டிவ் காட்டலாம். அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், மறுபரிசோதனைக்குப் போங்கள். அடுத்த கருமுட்டை பத்து நாளுக்குள்கூட வெளிவரலாம் என்பதால் கருத்தடையை அன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள்.

சென்னையிலிருந்து யாராவது கொண்டுவரும் மாத்திரையும், டெலிகிராமில் விற்கும் மாத்திரையும் வேண்டாம். சட்ட வழிக்கு வெளியே கருவைக் கலைப்பது தண்டனைச் சட்டப்படி குற்றம், பெண் தானே செய்துகொண்டாலும். குழாய்க் கர்ப்பமா என்று பார்க்காமல் விழுங்கும் மாத்திரை அதைச் சரிசெய்யாது. இரத்தப்போக்கு வந்ததும் முடிந்துவிட்டது என்று நம்பிக் காத்திருக்கும் நேரத்தில் குழாய் வெடிக்கும். ஏற்கெனவே விழுங்கிவிட்டு இரத்தம் போகிறதென்றால் உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

20ஆம் வார ஸ்கேனில் குறை தெரிந்தால்

மிகக் கடினமான நிலை இதுதான். இங்கு நடக்கும் விவாதமும் உண்மையில் இங்கேதான் கூர்மையாகிறது. உறுப்புகளை விவரமாகப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கப்படுகிறது. சந்தேகம் வந்தால் பனிக்குட நீர்ச் சோதனை. முழு முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். 21ஆம் வாரத்தில் ஸ்கேன் எடுத்தவருக்கு முடிவு வரும்போது 24 வாரம் வாசலில் நிற்கும். ஆகவே ஸ்கேனை 18-19ஆம் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். சோதனைக்குக் கொடுத்த நாளிலேயே, முதல்கட்ட முடிவு சில நாளில் கிடைக்குமா என்றும் ஆலோசனையை இப்போதே முடித்து வைக்கலாமா என்றும் கேளுங்கள். ஆலோசனைக்குப் போவதால் எந்த முடிவுக்கும் கட்டுப்பட்டுவிடுவதில்லை.

24 வார எல்லையைக் குறைக்க வேண்டும் என்போர், தீவிர சிகிச்சையால் 24 வாரத்திலும் அதற்குச் சற்று முன்னும் பிறக்கும் சிசுக்கள் சிலவேளை பிழைப்பதைச் சுட்டுகிறார்கள். அது உண்மை, அந்தக் கவலையும் நேர்மையானது. ஆனால் எல்லையை 20க்குக் கொண்டுவந்தால் முதலில் மாட்டிக்கொள்பவர் அலட்சியமாக இருந்தவர் அல்லர், குழந்தைக்காக ஆசையோடு காத்திருந்து ஸ்கேன் அறையில் செய்தி கேட்டவர். எங்கள் நிலைப்பாடு இதுதான்: எல்லையைத் தொடுமுன் ஸ்கேனை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

கருத்தைச் சொல்ல வேண்டிய இடம்

1969இல் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது கட்சிக் கொறடாவின் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு, உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி வாக்களித்தார்கள். 1970இல் சட்டம் நடப்புக்கு வந்தது, 1974இல் தளர்த்தப்பட்டது. 1987இல் ஆலோசனை கட்டாயமானது. ஆனால் தொடக்கநிலை இறுதித் தேர்வில் தேறாதோர், மூன்று குழந்தை பெற்றோர், வெளிநாட்டினர் ஆகியோருக்கு 2015 வரை அது கட்டாயமில்லை. யாருக்கு யோசிக்க அவகாசம் தேவை என்பதை ஒரு காலத்தில் படிப்பை வைத்தும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தும் தீர்மானித்தார்கள். இந்த வரலாறு தெரியாமல் ஆலோசனை முறையை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அரைகுறை வாதம். எண்ணிக்கை பேசுவோருக்கும் ஒரு வார்த்தை: 1985இல் ஆண்டுக்கு 23,000ஐத் தாண்டிய கருக்கலைப்புகள் அதன்பின் பெருமளவு குறைந்துவிட்டன, பிறப்பும் குறைந்திருப்பதால் இத்தனை பிறப்புக்கு இத்தனை கருக்கலைப்பு என்ற விகிதத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

இணைய மனுவில் கையெழுத்துச் சேர்ப்பதைவிடத் தொகுதி உறுப்பினரை மக்கள் சந்திப்பில் பார்த்து, நாடாளுமன்றத்தில் கேட்கும்படி ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுப்பது பயன் தரும். "பெண்கள் உரிமை பற்றி அரசின் நிலை என்ன" என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். "கடந்த ஐந்தாண்டில் ஆலோசனைக்கு வந்து பிறகு கர்ப்பத்தைத் தொடர்ந்தவர் எத்தனை பேர், தமிழில் ஆலோசனை தரத் தகுதி பெற்றோர் எத்தனை பேர்" என்று எழுதினால் அமைச்சு எண்ணோடு பதில் தர வேண்டியிருக்கும். அந்தப் பதில் நாடாளுமன்ற அறிக்கையில் பதிவாகி நிற்கும்.

ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் தமிழிலேயே பேசலாம். பேச்சாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும்; தேசியப் பூங்காக் கழகத்தில் முன்பே பதிந்துகொள்ள வேண்டும். சமயத்தைத் தொடும் பேச்சுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆகவே உங்கள் எதிர்ப்போ ஆதரவோ வேதத்திலிருந்தோ சாத்திரத்திலிருந்தோ வருவதாக இருந்தால், அதை மருத்துவம், சட்டம், குடும்பச் சூழல் ஆகியவற்றின் மொழியில் சொல்ல முடியுமா என்று எழுதிப் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.