இமை முடி வளர்க்கும் சொட்டு மருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமை முடி அடர்த்தியாக வளர மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது பிமடோப்ரோஸ்ட் 0.03%. முதலில் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்காக வந்த மருந்து. சொட்டு விட்டவர்களுக்கு இமை முடி நீண்டதைக் கவனித்த பிறகு, 2008 டிசம்பரில் அமெரிக்காவில் லாட்டிஸ் என்ற பெயரில் இமைக்கும் அனுமதி கிடைத்தது. நம் மருந்துக் கடைகளில் கைக்கு வருவது பெரும்பாலும் 3 மி.லி. கிளாக்கோமா பாட்டில்தான். புதிதாகத் தொடங்குபவர்களின் தவறுகள் பலவும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. கை கழுவுவது, மேக்கப்பைத் துடைப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறோம்.

சீட்டு இல்லாமல் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது

பிமடோப்ரோஸ்டுடன் டிமோலால் என்ற இன்னொரு கிளாக்கோமா மருந்து சேர்ந்த பாட்டிலும் உண்டு. அட்டைப்பெட்டி பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். டிமோலால் ஆஸ்துமாவைக் கிளப்பும், இதயத் துடிப்பைக் குறைக்கும். இமைக்கு அது தேவையே இல்லை. பெட்டியில் மருந்துச் சேர்க்கை அச்சிட்ட வரியைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். தைராய்டு கோளாறு, இமை ஓர அழற்சி போன்றவற்றாலும் இமை முடி உதிரும். அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

ஒரே பிரஷை மறுபடி மறுபடி பயன்படுத்துவது

எவ்வளவு சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும், பார்த்தாலே எரிச்சல் வருவதும் இதுதான். இமைக்கென்று வரும் பெட்டியில், ஒருமுறை தடவிவிட்டு எறியும் கிருமி நீக்கிய பிரஷ்கள் இருக்கும். கிளாக்கோமா பாட்டிலோடு அவை வராது. உடனே பழைய ஐலைனர் பிரஷைக் கழுவி எடுத்துக்கொள்கிறார்கள். அல்லது பாட்டில் முனையையே இமையில் தேய்க்கிறார்கள். ஈரமான பிரஷில் கிருமி வளரும். முனை தோலில் பட்டால் பாட்டிலுக்குள்ளும் போகும்.

முதல் மாதம் ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு கண் சிவக்கும். இந்த மருந்துக்குக் கண் சிவப்பது சகஜம் என்று எங்கோ படித்திருப்பதால், அடுத்த இரவும் அதே பிரஷால் தடவுவார்கள். மருந்தால் வரும் சிவப்பு பெரும்பாலும் இரண்டு கண்ணிலும், லேசான அரிப்போடு இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் வலி, பீளை, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் என்றால் கிருமித் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். அன்றே மருந்தை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். கருவிழியில் புண் விழுந்து தழும்பாகிவிட்டால் போன பார்வை முழுதாகத் திரும்பாமலும் போகலாம். சில ரூபாய் பிரஷை மிச்சம் பிடித்து அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

சரியான முறை: இரவில் பிரஷைக் கிடையாகப் பிடித்து, முனை படாமல் அதன் மேல் ஒரு சொட்டு. மேல் இமையில் முடி முளைக்கும் ஓரத்தில், உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாக, ஐலைனர் போடுவதுபோல ஒரே இழுப்பு. வழிந்ததை டிஷ்யூவால் ஒற்றுங்கள். கன்னத்தில் தொடர்ந்து பட்டால் அங்கும் முடி வளரும். பிரஷை எறிந்துவிட்டு, அடுத்த கண்ணுக்குப் புதியது. கண்ணுக்குள் கொஞ்சம் போனால் கழுவ வேண்டியதில்லை.

கீழ் இமையிலும் தடவுவது

வேண்டாம்.

லென்ஸோடு தடவுவது

கழற்றுங்கள். தடவி 15 நிமிடம் கழித்துத்தான் திரும்பப் போடலாம். மருந்திலுள்ள பதப்படுத்தியை மென் லென்ஸ் உறிஞ்சிக்கொள்ளும்.

அவசரப்பட்டு இரண்டு முறை தடவுவது

முடி வேகமாக வளராது. மாற்றம் தெரியவே சுமார் 8 வாரம், முழுப் பலனுக்கு 16 வாரம் ஆகும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் வழக்கமான அளவே போதும். நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் இமை பழையபடி ஆகிவிடும்.

கண் மருத்துவரிடம் மறைப்பது

இது கண் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. சொல்லாமல் பரிசோதனைக்குப் போனால், அழுத்த அளவை அவர் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும். ஏற்கெனவே கிளாக்கோமா சொட்டு விடுகிறவர்கள், கண்ணுக்குள் அழற்சி வந்தவர்கள், கண் அறுவை சிகிச்சை செய்யப்போகிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். இமைத் தோல் கறுத்தால், நிறுத்திய பிறகு பெரும்பாலும் தெளிந்துவிடும். கண் பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வட்டம் பழுப்பானால் அது நிரந்தரமாக நின்றுவிடலாம். கண்ணைச் சுற்றிக் கொழுப்பு குறைந்து குழி விழுவதுபோலத் தெரிந்தாலும் அவரிடம் காட்டுங்கள். தொடங்கும் முன் நல்ல வெளிச்சத்தில் இரண்டு கண்களையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இந்த மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கும் உதவும்.