கடிந்துகொள்ளுதல் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபையில் வாலிபர் வேதபாட வகுப்பை இப்போது புதியவர்கள் நடத்துகிறார்கள். வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் கடிந்துகொள்ளுதல் (ஒருவரைக் கண்டித்துத் திருத்துவது) பற்றி வரும் பகுதிகளை எடுக்கும்போது, நாங்கள் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில் அவர்களும் விழுகிறார்கள். தயாரிக்காமல் வருவது, வசன எண்ணை மாற்றிச் சொல்வது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வசனத்தை அடுத்தவர் பக்கம் திருப்புவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதைப் பார்த்தால்தான். "கடிந்துகொள்ளுதலை வெறுக்கிறவனோ மிருககுணமுள்ளவன்" என்கிறது 12:1. கடுமையான வசனம்தான். ஆனால் 13:18, 15:31, 15:32 என்று வரிசையாக வாசித்துப் பாருங்கள். எல்லாமே கேட்கிறவனைப் பற்றித்தான் பேசுகின்றன. 3:11-உம் "என் மகனே" என்று அவனைத்தான் கூப்பிடுகிறது. ஒருவர் என்னைத் திருத்தும்போது நான் என்னிடமே சொல்லிக்கொள்ள வேண்டிய வசனங்கள் இவை.

ஒரு வகுப்பில், புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒரு வசனத்துக்கு விளக்கம் சொன்னாள். நடத்துகிறவர் எல்லோர் முன்னாலும் அது தப்பு என்றார். "அண்ணா, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்றாள். உடனே அவர் 12:1-ஐத் திறந்து சத்தமாக வாசித்தார். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. "வேதத்தை வைத்தே என் பிள்ளையை மிருகம் என்று சொல்லிவிட்டார்களே" என்று அவள் அம்மா என்னிடம் அழுதார். அப்புறம் அந்தப் பகுதியை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் தவறே இல்லை. அன்றைக்கு அந்த வசனம் தேவைப்பட்டது நடத்தியவருக்குத்தான்.

எல்லோர் முன்னாலும் இப்படிக் கண்டிக்கக் கூடாது என்று சொன்னால் கலாத்தியர் 2-ஐக் காட்டுவார்கள்: அந்தியோகியாவில் பவுல் எல்லோர் முன்பாகவும் பேதுருவைக் கண்டிக்கவில்லையா? கண்டித்தார். பேதுரு பிறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிடுவதை விட்டு விலகியது எல்லோருக்கும் தெரிய நடந்தது. மற்ற யூதரும், பர்னபாவும்கூட, அதில் இழுபட்டார்கள். ஒரு பெண் வகுப்பில் சொன்ன விளக்கத்தை இதோடு எப்படிச் சேர்ப்பது? எபேசுவில் அப்பொல்லோ என்ற போதகனுக்கு நடந்ததுதான் (அப்போஸ்தலர் 18) வகுப்புக்குப் பொருந்தும். வேதாகமங்களில் வல்லவனான அவனுடைய போதனையில் குறை இருந்தது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள். அவனும் ஊழியத்தைத் தொடர்ந்தான்.

"பாவஞ்செய்தேன்" என்றதும் முடித்துவிடுவது

கண்டிக்கப்பட்டபோது ராஜாவாகிய சவுலும் அப்படிச் சொன்னான், ராஜாவாகிய தாவீதும் சொன்னான். 1 சாமுவேல் 15-இல் சவுல் முதலில் கீழ்ப்படிந்ததாகச் சாதிக்கிறான், பிறகு அழிக்கச் சொன்ன ஆடுமாடுகளைத் தப்பவிட்ட பழியை ஜனங்கள்மேல் போடுகிறான், கடைசியில் ஒப்புக்கொண்டபோதும் மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி கேட்கிறான். 2 சாமுவேல் 12-இல் தீர்க்கதரிசியாகிய நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றபோது தாவீது எந்தச் சாக்கும் சொல்லவில்லை. இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் அந்த வார்த்தையை மட்டும் காட்டிவிட்டுப் போகாதீர்கள்.

பரியாசக்காரனோடு மல்லுக்கு நிற்பது

பரியாசக்காரனைக் கடிந்துகொள்ளாதே என்று நீதிமொழிகள் 9:8 தெளிவாகவே சொல்கிறது. விட்டுவிடுங்கள்.

பிரம்பு வசனத்தில் ஆரம்பிப்பது

வேண்டாம். வகுப்பில் இருப்பவர்களில் அடிவாங்கி வளர்ந்தவர்கள் பலர்.

இளையவர்களுக்கான பாடம் என்று நினைப்பது

யூதாவின் ராஜா ஆசாவைப் பாருங்கள். ஓதேதின் குமாரன் அசரியா எச்சரித்தபோது ஆசா திடன்கொண்டு, தேசத்திலிருந்த விக்கிரகங்களை அகற்றினான். பல வருஷங்களுக்குப் பிறகு, சீரிய ராஜாவை நம்பியதற்காக ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானி கண்டித்தான். அதே ஆசா கோபங்கொண்டு அவனைக் காவலறையில் வைத்தான், ஜனங்களில் சிலரையும் கொடுமைப்படுத்தினான். 2 நாளாகமம் 15, 16 இரண்டையும் ஒரே நாளில் எடுங்கள். மூத்தவர்களையும் அந்த வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.