கேலிக் ஆட்டங்களுக்குச் சீசன் டிக்கெட் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தில் கேலிக் கால்பந்தையும், மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங்கையும் நடத்திவரும் கேலிக் தடகளச் சங்கம் (ஜி.ஏ.ஏ.), 1884-ஆம் ஆண்டு தர்லஸ் நகரில் தொடங்கப்பட்டது. அன்றுமுதல் இன்றுவரை அதன் வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. வார நாள்களில் பள்ளியில் பாடம் நடத்துபவரும் பண்ணையில் பால் கறப்பவரும் வார இறுதியில் தம் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பகுதியின்) சட்டையை அணிந்து பல்லாயிரம் பேர் முன்னிலையில் ஆடுகிறார்கள். வேறு ஊர் வீரரை விலை கொடுத்து வாங்கும் வழக்கம் அங்கே இல்லாததால், ரசிகருக்கும் அணிக்கும் இடையிலான உறவு மண்ணையும் கிளப்பையும் சார்ந்ததாகவே இருக்கிறது. அந்தப் பாசத்தோடு சீசன் டிக்கெட்டை அணுகுபவர்கள் கணக்குப் பார்க்கத் தயங்குவது இயல்பே. ஆனாலும் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் குளிர்கால லீக் ஆட்டங்களுக்கு எப்படியும் போய்விடுகிற ரசிகருக்கே இந்த டிக்கெட் லாபம் தருகிறது, கோடைக்கால ஆட்டங்களை மட்டும் மனத்தில் வைத்து வாங்குபவருக்குப் பெரும்பாலும் நட்டமே மிஞ்சுகிறது.

முதல் தவறு, எந்த டிக்கெட்டை வாங்குகிறோம் என்பதையே சரியாகப் பார்க்காமல் வாங்குவது. ஒரே பெயரில் பேசப்பட்டாலும் இவை ஒன்றல்ல. தலைமைச் சங்கமான கேலிக் தடகளச் சங்கம் விற்கும் சீசன் டிக்கெட், உங்கள் கவுண்டியின் சீனியர் அணி மற்ற கவுண்டிகளோடு மோதும் ஆட்டங்களுக்கானது. கவுண்டி வாரியங்கள் தனியே விற்கும் பாஸ்கள், அந்தக் கவுண்டிக்குள் கிளப்புகள் தமக்குள் மோதும் போட்டிகளுக்கானவை. டப்ளினில் உள்ள குரோக் பார்க் மைதானத்தின் பிரீமியம் இருக்கைகள் பல ஆண்டு ஒப்பந்தத்தில் விற்கப்படுபவை. அவற்றின் விலையும் வேறு, வாங்குபவர்களும் வேறு. தன் ஊர்க் கிளப்பின் ஆட்டங்களைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துத் தலைமைச் சங்கத்தின் டிக்கெட்டை வாங்கியவர், இலையுதிர்காலத்தில் கிளப் போட்டிகள் தொடங்கியதும் வாயிலில் மறுபடி காசு கொடுக்க நேரிடும்.

தலைமைச் சங்கத்தின் டிக்கெட் வழக்கமாக எவற்றை உள்ளடக்குகிறது என்பதைத் தெளிவாக வைத்துக்கொண்டால் மற்றக் கணக்குகள் எளிதாகிவிடும். கவுண்டியின் லீக் சுற்று ஆட்டங்களுக்கும், லீக்குக்குப் பின் நடக்கும் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்திற்கும் அதில் அனுமதி உண்டு. அதற்குப் பிந்தைய சாம்பியன்ஷிப் ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கும் முன்னுரிமை உண்டே தவிர, அவற்றின் கட்டணத்தைத் தனியாகச் செலுத்த வேண்டும். அதாவது நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி லீக் ஆட்டங்களுக்கே போகிறது. லீக் நடப்பதோ ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் இறுதிவரை. மேற்குக் கடலிலிருந்து காற்று வீசும் அந்த மாதங்களில், பல மைதானங்களில் பாதிப் பேர் கூரையில்லாத சிமெண்ட் படிகளில்தான் நின்றபடி பார்க்கிறார்கள். சனிக்கிழமை இரவில் விளக்கொளியில் நடக்கும் ஆட்டத்தில் மழைச் சட்டைக்குள் கைகளை ஒடுக்கிக்கொண்டு எழுபது நிமிடம் நிற்பதில் மகிழ்ச்சி காண்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவரா என்பதை வாங்கும் நேரத்து உற்சாகத்தில் அல்லாமல், சென்ற பிப்ரவரியில் நீங்கள் உண்மையில் எத்தனை ஆட்டங்களுக்குப் போனீர்கள் என்பதைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

இங்கேதான் மிகப் பரவலான தவறு நடக்கிறது. அட்டவணையில் உள்ள எல்லா ஆட்டங்களின் கட்டணத்தையும் கூட்டி, அதைச் சீசன் டிக்கெட்டின் விலையோடு ஒப்பிட்டு, இவ்வளவு மிச்சம் என்று மகிழ்வார்கள். கால்பந்து லீக்கில் ஒரு பிரிவுக்கு எட்டு அணிகள். எனவே ஒவ்வோர் அணிக்கும் ஏழு ஆட்டங்கள். அவற்றில் மூன்றோ நான்கோ மட்டுமே சொந்த மைதானத்தில் நடக்கும். டோனிகால் ரசிகர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய அணி கெர்ரியின் கில்லார்னியில் ஆடினால், டோனிகாலின் சொந்த மைதானம் உள்ள பாலிபோஃபேயிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 400 கிலோமீட்டர் பயணம். நாட்டின் வடமேற்கு மூலையிலிருந்து தென்மேற்கு மூலைக்குச் செல்ல வேண்டும். எரிபொருள், சாப்பாடு, சில சமயம் ஓர் இரவுத் தங்கல் எல்லாம் சேர்ந்தால், நுழைவுக் கட்டணம் அந்த நாளின் செலவில் ஒரு சிறு பகுதியே. டிக்கெட் கையில் இருக்கிறதே என்பதற்காக அந்தப் பயணத்தை மேற்கொள்வது, பதினைந்து இருபது யூரோவை வீணாக்காமல் இருக்கப் பல மடங்கு செலவழிப்பதாகும். போகாமல் விட்டாலோ, டிக்கெட் விலையில் அந்த ஆட்டத்துக்கான பங்கு வீணாகிவிடும். விலையை ஆட்ட எண்ணிக்கையால் வகுக்கும்போது, லீக்கின் ஏழும் சாம்பியன்ஷிப்பின் ஒன்றும் சேர்ந்த எட்டால் வகுக்காமல், நீங்கள் போகப்போகிற நான்காலோ ஐந்தாலோ வகுத்துப் பாருங்கள். டிக்கெட்டின் விலை ஆறு ஆட்டங்களின் கட்டணத்துக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆட்டங்களைத் தவறவிட்டவருக்கு அது தனித்தனியாக வாங்குவதைவிடக் கூடுதல் செலவில்தான் முடிந்திருக்கும்.

சொந்த மைதானம் என்ற சொல்லும் பலரை ஏமாற்றிவிடுகிறது. மேயோ, கெர்ரி, டோனிகால் ஆகிய கவுண்டிகளில் பிறந்து வளர்ந்து வேலைக்காக டப்ளினில் குடியேறியவர்கள் ஏராளம். பாலிபோஃபேயில் நடக்கும் ஆட்டம் அணிக்குச் சொந்த மைதானம்; டப்ளினில் வசிக்கும் ரசிகருக்கோ போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அதே அணி டப்ளினிலோ அருகிலுள்ள மீத் கவுண்டியின் நாவனிலோ ஆடினால் அவர் மதியச் சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டுப் போகலாம். ஆகவே அட்டவணை வெளியானதும், அணியின் முகவரியை விட்டுவிட்டு உங்கள் வீட்டு முகவரியிலிருந்து தூரத்தைக் குறித்துப் பார்ப்பதே சரியான வழி. அந்த ஆண்டில் எந்த அணிகளோடு எந்தப் பிரிவில் ஆடுகிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே ரசிகருக்கு ஓர் ஆண்டு லாபமாகவும் அடுத்த ஆண்டு நட்டமாகவும் இது மாறக்கூடும்.

அடுத்து, சாம்பியன்ஷிப்பின் உச்சமான அகில அயர்லாந்து இறுதிப் போட்டியைப் பற்றிய ஆசை. சீசன் டிக்கெட் விற்பனையின் உயிர்நாடி இதுதான் என்றால் மிகையாகாது. குரோக் பார்க்கில் 82,300 பேர் அமரவும் நிற்கவும் இடம் உண்டு. அப்படியிருந்தும் இறுதிப் போட்டியின் டிக்கெட்டுகள் பொது விற்பனைக்கு வருவதில்லை. அவை கவுண்டி வாரியங்கள் வழியாகக் கிளப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. உங்கள் கவுண்டி இறுதிக்குத் தகுதி பெற்றால், சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு ஒரு டிக்கெட்டை வாங்கும் உரிமை கிடைக்கிறது என்பது உண்மையிலேயே மதிப்புள்ள ஒன்று. ஆனால் அந்த உரிமையோடு மூன்று நிபந்தனைகள் சேர்ந்தே வருகின்றன. முதலாவது, அது வாங்கும் உரிமை மட்டுமே. அண்மை ஆண்டுகளில் இறுதிப் போட்டிக்கு இருக்கைக் கட்டணம் 100 யூரோவும், ஹில் 16 எனப்படும் நின்று பார்க்கும் பகுதிக்கு 55 யூரோவும் இருந்துள்ளன. இரண்டாவது, அந்த ஆண்டு கவுண்டி ஆடிய ஆட்டங்களில் வரையறுக்கப்பட்ட விழுக்காட்டுக்குக் குறையாமல் நீங்கள் நேரில் வந்திருக்க வேண்டும். மூன்றாவது, உங்கள் கவுண்டி இறுதிக்குப் போக வேண்டும்.

மூன்றாவதைத்தான் நெஞ்சில் கைவைத்து எடைபோட வேண்டும். கெர்ரி கால்பந்து ரசிகருக்கு அது ஒவ்வோர் ஆண்டும் நியாயமான எதிர்பார்ப்பு. 2025-இல் டோனிகாலை வென்று அந்த அணி கோப்பையைத் தூக்கியது. விக்லோவும் ஃபெர்மனாவும் தம் மாகாணச் சீனியர் கால்பந்துப் பட்டத்தை இதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. அந்தக் கவுண்டிகளில் இறுதிப் போட்டிக்காகச் சீசன் டிக்கெட் வாங்குவது பொருளற்றது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் கவுண்டிகளுக்குத்தான் முடிவெடுப்பது கடினம். 2024-இல் அர்மா கால்வேயை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்று, 2002-க்குப் பின் முதல்முறையாகப் பட்டம் பெற்றது. அந்த ஆண்டின் ஜனவரியில் அர்மா ரசிகர்களில் எத்தனை பேர் இதை எதிர்பார்த்திருப்பார்கள்? குளிர்காலத்திலும் அணியோடு அலைந்து வருகைப் பதிவைக் காத்தவர்களுக்கு அந்தக் கோடையில் கிடைத்தது எந்தக் கணக்கிலும் அடங்காது. ஆனால் அத்தகைய ஆண்டுக்காக இருபது ஆண்டுகள் வாங்கியவர், அந்த இருபது ஆண்டுகளின் லீக் ஆட்டங்களையும் விரும்பிப் பார்த்தவராக இருந்திருந்தால் மட்டுமே அது அவருக்குக் கட்டுப்படியாகும்.

வருகைப் பதிவு என்றதும் சொல்ல வேண்டிய நடைமுறைத் தவறு ஒன்று உண்டு. நுழைவாயிலில் ஸ்கேன் செய்யப்படும்போதுதான் வருகை கணக்கில் ஏறும். கூட்ட நெரிசலில் ஊழியர் கையசைத்து உள்ளே விட்டுவிட்டால் மகிழ்ந்து ஓடாமல், நின்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஜூலையில் ஒரே ஓர் ஆட்டம் குறைவதால் உரிமை இழப்பது மிகுந்த வேதனை. கைப்பேசியில் டிக்கெட்டை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதும் நல்லது. பத்தாயிரம் பேர் கூடும் சிற்றூரில் இணைய இணைப்பை நம்பி நிற்க முடியாது. பணம் செலுத்தும் அட்டை காலாவதியாகி, அடுத்த சுற்று டிக்கெட்டுக்கான கட்டணம் நிராகரிக்கப்படாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பே.

கால்பந்தா, ஹர்லிங்கா, இரண்டுமா என்ற தேர்விலும் பலர் தடுமாறுகிறார்கள். கார்க், கால்வே, டப்ளின் போன்று இரண்டிலும் பெரிய அணிகளை வைத்திருக்கும் கவுண்டிகளில், இரண்டையும் சேர்த்த டிக்கெட் மலிவாகத் தோன்றும். ஆனால் இரண்டு லீக்குகளும் ஒரே மாதங்களில் நடப்பவை. ஒரே வார இறுதியில் கால்பந்து அணி வடக்கிலும் ஹர்லிங் அணி தெற்கிலும் ஆடும் நாள்கள் வரத்தான் செய்யும். இரண்டும் ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து நடக்கும் நாள்கள் எத்தனை என்று அட்டவணையில் எண்ணிப் பார்க்காமல் சேர்த்து வாங்க வேண்டாம்.

ஹர்லிங்கில், அதிலும் மன்ஸ்டர் மாகாணத்தில், கணக்கு தலைகீழாக மாறுகிறது என்பதை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும். 2018 முதல், பெருந்தொற்று ஆண்டுகளான 2020, 2021 தவிர, கார்க், லிமரிக், கிளேர், டிப்பரரி, வாட்டர்ஃபோர்ட் ஆகிய ஐந்து அணிகளும் ஒன்றோடொன்று மோதும் முறை நடைமுறையில் உள்ளது. ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஆட்டங்கள். இரண்டு தன் ஊரில், இரண்டு வெளியூரில். முதல் மூன்று இடங்களுக்குள் வராத அணி மே மாதத்திலேயே வீட்டுக்குப் போய்விடும் என்பதால் எல்லா ஆட்டமும் வாழ்வா சாவா என்ற நிலையில் நடக்கும். கார்க் நகரின் பெரிய மைதானத்தில் 45,000 பேர் கொள்ளும். கிளேரின் என்னிஸ் மைதானத்திலோ அதில் பாதிகூடக் கொள்ளாது. கார்க் அணி ஹர்லிங்கில் கடைசியாக அகில அயர்லாந்துப் பட்டம் வென்றது 2005-இல். 2024 இறுதியில் கிளேரிடம் கூடுதல் நேரத்தில் ஒரு புள்ளியில் தோற்றது, 2025-இல் லிமரிக்கைப் பெனால்டியில் வென்று மன்ஸ்டர் பட்டத்தைப் பிடித்தது, அதே ஆண்டு இறுதியில் டிப்பரரியிடம் வீழ்ந்தது. இத்தனை காலம் காத்திருக்கும் ஒரு மக்கள் கூட்டத்தின் டிக்கெட் பசியை நினைத்துப் பாருங்கள். அங்கே சீசன் டிக்கெட்டின் மதிப்பு, மிச்சமாகும் யூரோவில் இல்லை; என்னிஸுக்கோ தர்லஸுக்கோ போகும் நாளில் இடம் உறுதி என்பதில் இருக்கிறது. மன்ஸ்டர் ஹர்லிங் ரசிகர், ஆண்டுக்கு நான்கைந்து லீக் ஆட்டங்களுக்காவது போகிறவர் என்றால், தயங்காமல் வாங்கலாம் என்பேன்.

டிக்கெட் கிடைக்காமல் போகுமோ என்ற இந்த அச்சத்தைக் கால்பந்து லீக்கின் மூன்றாம் நான்காம் பிரிவு ரசிகர்களும் கொள்வது தேவையற்றது. அங்கே அநேகமாக எல்லா ஆட்டங்களுக்கும் கடைசி நாள்வரை டிக்கெட் கிடைக்கும். முன்கூட்டியே இணையத்தில் வாங்கிக்கொண்டால் போதும்.

குடும்பமாகப் போகிறவர்கள் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் வாங்கிவிடுகிறார்கள். லீக் ஆட்டங்களில் சிறுவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அனுமதி அளிப்பது வழக்கம். மாணவர்களுக்கும் முதியோருக்கும் சலுகையுண்டு. சலுகை பெறுபவருக்கு ஒரு நாள் டிக்கெட்டே மலிவாக இருக்கும்போது, சீசன் டிக்கெட்டில் அவருக்கு மிச்சமாகக்கூடியது சொற்பமே. பிள்ளைக்கும் இறுதிப் போட்டி உரிமை வேண்டும் என்று கருதினால் மட்டும் வாங்குங்கள்.

பருவம் மாறியதைக் கவனியாதவர்களும் இருக்கிறார்கள். முன்பு செப்டம்பரில் நடந்த அகில அயர்லாந்து இறுதிப் போட்டிகள், கவுண்டி ஆட்டங்களையும் கிளப் ஆட்டங்களையும் பிரித்து வைத்த புதிய ஏற்பாட்டினால் 2022 முதல் ஜூலையிலேயே முடிந்துவிடுகின்றன. லீக் பாதியில் இருக்கும்போது வாங்குபவர், மீதியிருக்கும் ஆட்டங்களின் கட்டணத்தைக் கூட்டிப் பார்க்காமல் முழு விலை கொடுப்பது நட்டம். ஜூலைக்குப் பின் அந்த டிக்கெட்டில் பார்க்க எதுவும் மிச்சமிருக்காது.

மகளிர் ஆட்டங்களைப் பற்றிய தவறான எண்ணம் என்னை உண்மையில் வருந்தச் செய்கிறது. மகளிர் கேலிக் கால்பந்தையும், மகளிர் ஹர்லிங்கான கமோகியையும் நடத்துபவை தனித்தனிச் சங்கங்கள். மூன்று சங்கங்களையும் ஒன்றிணைக்கும் பணி, முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மக்கலீஸ் தலைமையில் 2027-ஐ இலக்காகக் கொண்டு நடந்துவந்தாலும், தலைமைச் சங்கத்தின் சீசன் டிக்கெட் மகளிர் ஆட்டங்களுக்கும் செல்லும் என்று எண்ணிக்கொண்டு வாயிலுக்குப் போகக் கூடாது. 2019 மகளிர் கால்பந்து இறுதிப் போட்டியைக் காண 56,114 பேர் குரோக் பார்க்குக்கு வந்தார்கள். மகள்கள் ஆடுகிற வீட்டில், ஆண்கள் அணியின் சீசன் டிக்கெட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மகளிர் ஆட்டங்களுக்கு எடுத்து வைத்தால், குறைந்த செலவில் நிறைய ஆட்டங்களைப் பார்க்கலாம்.

சங்கத்துக்கு உதவும் எண்ணத்தோடு மட்டும் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த எண்ணம் உயர்ந்தது. ஆனால் அதற்கு இதைவிட நேரான வழி ஊர்க் கிளப்பின் உறுப்பினர் கட்டணம். அந்தப் பணம் சிறுவர்களின் பந்துக்கும் ஹர்லிங் மட்டைக்கும் மைதானத்தின் புல்லுக்கும் போய்ச் சேர்கிறது. இறுதிப் போட்டியின் டிக்கெட்டுகள் பகிரப்படுவதும் கிளப்புகள் வழியாகத்தான். பயிற்சி நாளில் கூம்புகளை அடுக்கி வைப்பவரையும், வாயிலில் நின்று காசு வாங்கிப்போடுபவரையும் கிளப் செயலாளர்கள் மறப்பதில்லை. ஆண்டில் இரண்டு மூன்று லீக் ஆட்டங்களுக்கு மேல் போக முடியாதவர், சீசன் டிக்கெட்டுக்கான பணத்தில் கிளப் உறுப்பினராகி, போக முடிந்த ஆட்டங்களுக்குத் தனி டிக்கெட் வாங்கி, மற்றவற்றை ஆர்.டி.இ. தொலைக்காட்சியிலோ 2025-இல் தொடங்கிய ஜி.ஏ.ஏ. பிளஸ் இணைய ஒளிபரப்பிலோ பார்த்துக்கொள்ளலாம்.