பனித்தளத்து விங்கரைத் திருப்பூரிலிருந்து பின்தொடர்வது எப்படி

கொங்கு நாட்டில் இன்று பல வீடுகளின் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்குமாகக் கனடாவில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிப் பேச்சில் அவர்களுள் ஒருவர் ஊர் மழையையும் மாமன் மச்சான் நலத்தையும் விசாரித்து முடித்த கையோடு, பெயர் வாயில் நுழையாத ஓர் இருபது வயது ஐஸ் ஹாக்கி விங்கரைப் பற்றி அரை மணி நேரம் பேசத் தொடங்கினால், நீங்கள் விழிக்கத் தேவையில்லாமல் செய்வதே இக்குறிப்பின் வேலை. டொரொண்டோவில் இருக்கும் என் அக்கா மகனால் எனக்கு இந்தப் பழக்கம் தொற்றியது. நிட்டிங் பட்டறையைத் திறப்பதற்கு முன் கிடைக்கும் விடியற்காலை நேரத்தில், ஓர் இளம் விங்கரின் ஆட்டங்களை வரிசையாகப் பார்க்கத் தொடங்கினேன். ஆறு ஆட்டங்களில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை. "இவன் தேற மாட்டானப்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "மாமா, கோலை எண்ணாதீங்க, நிமிசத்தை எண்ணுங்க" என்றான் அவன். அந்த ஒரு வரியை விரித்து எழுதியதுதான் கீழே உள்ளது.

முதலில் ஆட்டத்தின் அமைப்பு. வட அமெரிக்கத் தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. அதைச் சுற்றிச் சுமார் மூன்றரை அடி உயரத்தில் பலகைச் சுவரும், அதற்கு மேல் கண்ணாடியும் நிற்கின்றன. ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் ஆறு பேர்: ஒரு கோல்கீப்பர், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், நடுவில் ஒரு சென்டர், அவருக்கு இடமும் வலமுமாக இரண்டு விங்கர்கள். பக் என்பது 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள ரப்பர் வில்லை. ஆட்டம் 20 நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகளாக நடக்கிறது. நம் ஊரில் ஷிப்ட் என்றால் எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ ஆகும். அவர்களும் ஷிப்ட் என்ற அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது ஏறத்தாழ 45 வினாடிகளில் முடிந்துவிடுகிறது. முழு வேகத்தில் அதற்கு மேல் சறுக்க உடல் இடம் கொடுக்காது என்பதால், மூன்று மூன்று பேராகப் பிரிக்கப்பட்ட நான்கு முன்வரிசைகள் மாறி மாறி இறங்குகின்றன.

எந்த வரிசைக்கு எத்தனை ஷிப்ட் என்பதைப் பயிற்சியாளர்தான் முடிவு செய்கிறார். ஆகவே ஓர் இளம் விங்கரைப் பற்றிப் பயிற்சியாளரின் உண்மையான கருத்து செய்தியாளர் சந்திப்பில் வெளிப்படுவதில்லை. தளத்தில் அவர் நின்ற நிமிடக் கணக்கில்தான் வெளிப்படுகிறது. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொரு வீரருக்கும் இந்தக் கணக்கு கிடைக்கிறது. முதல் வரிசை விங்கர் ஓர் ஆட்டத்தில் 18 முதல் 20 நிமிடங்கள் வரை தளத்தில் இருப்பார். நான்காம் வரிசையில் இருப்பவருக்குப் பத்து நிமிடங்களுக்குக் கொஞ்சம் மேலோ கீழோ கிடைக்கும். ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதால், பத்து ஆட்டங்களுக்கு ஒருமுறை சராசரி எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் 10 நிமிடம் ஆடியவர் சனவரியில் 14 நிமிடம் ஆடுகிறார் என்றால், அவர் கோல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் வளர்ந்துகொண்டிருக்கிறார். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால், தம் அணி ஒரே ஒரு கோல் முன்னணியில் இருக்கும்போது, ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடங்களில் அவர் இறக்கப்படுகிறாரா என்று பாருங்கள். அப்போது பெஞ்சிலேயே உட்கார வைக்கப்படும் இளைஞர், அடித்த கோல்கள் எத்தனையானாலும், இன்னும் முழு நம்பிக்கையைப் பெறவில்லை என்றே பொருள்.

அடுத்தபடியாக, கோல்களுக்கு முன் ஷாட்களை, அதாவது கோலை நோக்கி அடிக்கும் அடிகளை, எண்ணுங்கள். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லர்களிடம் வேலை வாங்கியவருக்கு இது எளிதில் விளங்கும்: ஒரு வாரம் கட்டிங் நன்றாக அமைந்து வந்தால் சுமாரான கையும் நிறையப் பீஸ் தைத்துவிடும், அந்த வாரத்துச் சம்பளத்தைக் கொண்டு ஆளை எடைபோடக் கூடாது. நெய்ல் யாகுபோவ், அணிகள் இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2012ஆம் ஆண்டு முதலாவதாக எட்மண்டன் அணியால் எடுக்கப்பட்ட விங்கர். நிர்வாகங்களின் கதவடைப்பால் 48 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்தப் பருவத்தில் அவர் 17 கோல்கள் அடித்தார். ஆனால் அவை அவருடைய ஷாட்களில் ஏறத்தாழ 21 சதவீதம். பொதுவாக முன்வரிசை ஆட்டக்காரர்களுக்கு 10 முதல் 12 சதவீதம் கிடைப்பதே வழக்கம். அடுத்த பருவத்தில் 63 ஆட்டங்களில் 11 கோல்களாக அது இறங்கியது. மொத்தம் 350 ஆட்டங்களிலும் 62 கோல்களிலும் என்எச்எல் வாழ்க்கை முடிந்து, அவர் ரஷ்யாவுக்குத் திரும்பினார். ஷாட் எண்ணிக்கை ஏறாமல் கோல் மட்டும் ஏறினால் ஐயப்படுங்கள். ஷாட் ஏறியும் கோல் ஏறாமலிருந்தால் பொறுத்திருங்கள்.

கோல் எந்தச் சூழலில் விழுந்தது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கே பவர் பிளே என்பது கிரிக்கெட்டில் நாம் அறிந்த பவர் பிளே அன்று. எதிரணியில் ஒருவர் தவறு செய்து தண்டனைப் பெட்டியில் உட்காரும்போது, வழக்கமாக இரண்டு நிமிடங்களுக்கு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் நடக்கும் ஆட்டம் அது. அங்கே இடம் கிடைத்த இளைஞரின் கணக்கு தானாகவே பருத்துவிடும். இடப்பக்க விங்கர் வலக்கை மட்டைக்காரராக இருந்தால், குறுக்கே வரும் பக்கை நிறுத்தாமல் அப்படியே அடிக்க வசதி உண்டு. அலெக்ஸாண்டர் ஒவெச்கின் பவர் பிளேயில் இடப்பக்க வட்டத்தில் நின்று பல ஆண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான். அவர் 2025 ஏப்ரல் 6 அன்று தம் 895ஆம் கோலை அடித்து வேய்ன் கிரெட்ஸ்கியின் 894 என்ற என்எச்எல் சாதனையைக் கடந்தார். ஆனால் முதல் பருவத்திலேயே 52 கோல் அடித்த அவரை அளவுகோலாக வைத்து எந்தப் பிள்ளையையும் அளக்காதீர்கள்; அது எந்தத் தறிக்கும் பொருந்தாத அச்சு.

பிளஸ் மைனஸ் என்றொரு கணக்கும் வரும். ஒருவர் தளத்தில் இருக்கும்போது தம் அணி கோல் அடித்தால் ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும்; பவர் பிளே கோல்கள் இதில் சேரா. பலவீனமான அணியில் ஆடும் நல்ல இளைஞருக்கும் இது மைனஸில்தான் நிற்கும். இதை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

எந்தக் கணக்கிலும் தெளிவாக ஏறாத ஒரு வேலை விங்கருக்கு உண்டு. பயிற்சியாளர்கள் இளைஞர்களை உட்கார வைப்பது பெரும்பாலும் அதனால்தான். தம் அணியின் பகுதியில் பக் கிடைத்ததும் தடுப்பாட்டக்காரர் அதைப் பலகைச் சுவர் ஓரமாக விங்கருக்கு அனுப்புவார். விங்கர் சுவரை ஒட்டி நிற்கிறார். பக் சுவரில் உரசிக்கொண்டு வேகமாக வருகிறது. அதே நொடியில் எதிரணித் தடுப்பாட்டக்காரர் அவரைச் சுவரோடு வைத்து நசுக்க, அந்தப் பகுதியின் எல்லையான நீலக் கோட்டிலிருந்து இறங்கி வருகிறார். அந்த அரை வினாடியில் மோதலை வாங்கிக்கொண்டே பக்கை நீலக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்டால் எவரும் கை தட்டுவதில்லை. தவறவிட்டால் எதிரணியின் பிடி தளராது. சில வேளைகளில் அது கோலாகவும் முடியும். நம் ஊர்த் திருவிழாக் கபடியில் ரைடருக்கு மட்டும் விசிலடித்துவிட்டு, கார்னரில் கணுக்காலைப் பிடித்தவரை மறந்துவிடுகிறோம் அல்லவா, அதே கதைதான். இதோடு, எதிரணித் தடுப்பாட்டக்காரர் நீலக் கோட்டருகே நின்று அடிக்கும் ஷாட்டின் பாதையை மறிப்பதும் விங்கரின் பொறுப்பு.

இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கோல்களை மட்டும் தொகுத்த காணொளிகளில் சுவரோரப் போராட்டம் இருக்காது என்பதால், மாதத்துக்கு ஒரு முழு ஆட்டத்தையாவது பாருங்கள். அதில் பக்கின் பின்னால் ஓடும் கண்ணை இழுத்து, குறிப்பிட்ட விங்கரின் மீது ஒரு முழு ஷிப்ட் நிறுத்திவையுங்கள். தொடக்கத்தில் இது சலிப்பைத் தரும்; கேமராவும் ஒத்துழைக்காது. மூன்றாம் ஆட்டத்திலிருந்து அவர் சுவரோரத்தில் வெல்வதையும் தோற்பதையும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ண உங்களால் முடியும்.

வயதுக் கணக்கில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டுக்கு, அந்த ஆண்டு செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஏழு சுற்றுகளில் 32 அணிகளும் 224 இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. தேர்ந்தெடுக்கப்படுவது வேலை கிடைத்ததற்குச் சமமன்று. அந்த இளைஞரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திடுவோருக்குத் தொடக்க ஒப்பந்தம் மூன்று ஆண்டுகள். அதன் சம்பளத்துக்கு மேல்வரம்பு உண்டு. 18 அல்லது 19 வயதுக்காரர் ஒரு பருவத்தில் பத்து என்எச்எல் ஆட்டங்களை எட்டாவிட்டால், ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப் போகிறது. அதனால்தான் அக்டோபரில் ஒன்பது ஆட்டங்கள் ஆடிய பையன் திடீரென்று ஜூனியர் லீகுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறான். தொலைபேசியில் அக்கா மகன் அழாத குறையாகப் பேசினால், முதலில் ஒன்பதா பத்தா என்று கேளுங்கள்.

என்எச்எல்லுக்கு ஒரு படி கீழே உள்ள லீக் ஏஎச்எல். இளைஞரை அங்கே இறக்குவதைத் தண்டனையாக எண்ண வேண்டாம். மேலே 9 நிமிடம் ஆடுவதைவிடக் கீழே 18 நிமிடம் ஆடுவது இருபது வயதுக்காரருக்கு நல்லது என்பதே என் கணிப்பு. டொரொண்டோ அணியின் ஏஎச்எல் அணியான மார்லீஸ் அதே நகரத்தில் ஆடுகிறது. வான்கூவரின் ஏஎச்எல் அணி இருக்கும் அபட்ஸ்ஃபோர்டுக்கு வான்கூவரிலிருந்து செல்லும் தொலைவு, திருப்பூரிலிருந்து கோவைக்கு உள்ள தொலைவைவிடச் சற்றே அதிகம். காலையில் அழைத்தால் இரவு ஆட்டத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

இந்தப் பாதை முழுவதையும் ஒரே ஆளிடம் பார்க்க விரும்பினால், பஞ்சாபிக் குடும்பத்தைச் சேர்ந்த அர்ஷ்தீப் பெய்ன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் பிறந்து, வான்கூவருக்கு அருகே சர்ரியில் வளர்ந்த இடப்பக்க விங்கர் அவர். எந்த அணியும் அவரை டிராஃப்டில் எடுக்கவில்லை. 2021-22 பருவத்தில் மேற்குக் கனடாவின் ஜூனியர் லீகில் ரெட் டீர் அணிக்காக 68 ஆட்டங்களில் 43 கோல்களும் 69 அசிஸ்டுகளுமாக (பிறர் கோலுக்குப் பக்கை எடுத்துக் கொடுத்தது) 112 புள்ளிகள் குவித்து, லீகிலேயே முதலிடம் பிடித்தார்; அந்தப் பருவத்தின் இடையில்தான் வான்கூவர் ஒப்பந்தம் தந்தது. அதன்பின்னும் நேரே மேலே போகவில்லை; அபட்ஸ்ஃபோர்டில் ஆடி, 2024 பிப்ரவரியில்தான் என்எச்எல்லில் முதன்முதலாக இறங்கினார். 2025 ஜூனில் அபட்ஸ்ஃபோர்டு அணி ஏஎச்எல் பட்டமான கால்டர் கோப்பையை வென்றபோது அவரும் அதில் இருந்தார். ஜூனியர் லீகில் 112 புள்ளிகள் எடுத்தவருக்கே மேல் தளம் எளிதாகத் திறக்கவில்லை என்பதைப் பார்த்தால், 17 வயதுப் பையனின் ஜூனியர் கணக்கைக் காட்டி உங்களை மலைக்க வைப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது விளங்கும்.

22, 23 வயதில் ஒரு கண்டம் வரும். தொடக்க ஆண்டுகளில் அணி தன் இளைஞரைத் தடையின்றி மேலும் கீழும் அனுப்பலாம். குறிப்பிட்ட ஆண்டுகளோ ஆட்டங்களோ நிறைந்தபின், கீழே இறக்குவதற்கு முன் அவரை வேய்வர் பட்டியலில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். மற்ற 31 அணிகளில் எதுவும் அவரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு அக்டோபரில் அணி அவரை வைத்துக்கொள்கிறதா, இழக்கத் துணிகிறதா என்பதைக் கவனித்தால், நான்கு ஆண்டுப் புள்ளிவிவரங்கள் சொல்லாததும் தெரிந்துவிடும். ஆயினும் அந்தத் தீர்ப்பும் இறுதியானதன்று. டிராஃப்டில் எடுக்கப்படாத, ஐந்தடி எட்டங்குல உயரமே கொண்ட மார்ட்டின் செயின்ட் லூயியைக் கால்கரி அணி 2000ஆம் ஆண்டில் கைவிட்டது. 2003-04 பருவத்தில் அவர் டாம்பா பே அணிக்காக 94 புள்ளிகளுடன் லீகில் முதலிடம் பெற்று, என்எச்எல் பட்டமான ஸ்டான்லி கோப்பையையும் ஏந்தினார்.

காயச் செய்திகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அணிகள் "மேல் உடல் காயம்", "கீழ் உடல் காயம்" என்பதற்கு மேல் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. தோளா, தலையா என்று ஊகிப்பதில் பொழுதைக் கழிக்காமல், திரும்பி வந்தபின் முதல் பத்து ஆட்டங்களின் நிமிடக் கணக்கைப் பாருங்கள்.

இனி நேரம். டொரொண்டோவில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நவம்பர் முதல் மார்ச் முற்பகுதி வரை நமக்கு மறுநாள் அதிகாலை 5.30, மற்ற மாதங்களில் 4.30. வான்கூவரில் அதே 7 மணி என்றால், நமக்கு நன்றாக விடிந்த பிறகுதான். பட்டறை திறக்கும் நேரம் அதுவாகையால், வான்கூவர் ஆட்டங்களை நான் மதியச் சோற்றுக்குப் பிறகு கணக்காக மட்டும் பார்க்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நிமிடம், ஷாட், பவர் பிளே நிமிடம், சுவரோர வெற்றி தோல்வி என்று வரிசைகள் போட்டுக்கொள்ளுங்கள். கோலுக்கான வரிசையைக் கடைசியில் போடுங்கள். பருவம் அக்டோபரையொட்டித் தொடங்குகிறது. பத்தாம் ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த முறை நீங்களே கனடாவுக்கு அழையுங்கள்.